‘என்னாலதான் திக்குறானா?’

திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றி வரும் கடிதங்கள் பிள்ளையில் தொடங்கி, பெரும்பாலும் அம்மாவின் தூக்கமில்லாத ராத்திரிகளில் முடிகின்றன. அதனால் இந்த இதழில் அம்மாக்களுக்கே முழு இடமும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

மகனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. மூன்று மாதமாக ‘எ... எ... எனக்கு’ என்று திக்குகிறான். அதற்குக் கொஞ்சம் முன்புதான் இரண்டாவது குழந்தை பிறந்தது. தூங்கும் குழந்தையை எழுப்பிவிட்டான் என்று ஒருநாள் அவன் முதுகில் அடித்துவிட்டேன். ‘நீ அடிச்சதுலதான் புள்ள பயந்துட்டான்’ என்கிறார் மாமியார். என் அண்ணனும் சின்ன வயதில் திக்குவார் என்பதால் ‘உங்க வீட்டுச் சீக்கு’ என்றும் பேச்சு. என்னால்தானா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

உங்களால் இல்லை. அந்த அடியாலும் இல்லை.

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். ஓரிரு சொல் பேசிய பிள்ளை நீள நீளமாகக் கதை சொல்ல ஆரம்பிக்கும் பருவம் அது. நூறு பிள்ளைகளில் ஐந்து பேராவது இந்த வயதில் கொஞ்ச காலம் திக்குகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. பேச்சுத் தசைகளை நேரம் தவறாமல் இயக்கும் மூளைப் பாதைகள் இந்தப் பிள்ளைகளுக்குச் சற்று வேறு மாதிரி வேலை செய்கின்றன. அடுத்த குழந்தை பிறப்பதும், முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் இதே வயதில்தான் நடக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று தோன்றிவிடுகிறது. களைப்பு, பரபரப்பு, அவசரம் இருக்கும் நாட்களில் திக்கல் கூடலாம். ஆனால் அதை உண்டாக்குவது அவை அல்ல.

அம்மா மேல் பழி போடுவதைப் படித்தவர்களும்தான் செய்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த பேச்சு ஆய்வாளர் வெண்டல் ஜான்சன், தானே திக்குபவர். பிள்ளையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் ‘திக்கல்’ என்று கண்டு கவலைப்படுவதால்தான் அது திக்கலாகிறது என்று 1940-களில் அவர் எழுதினார். பல பத்தாண்டுகள் பெற்றோர் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. திக்கலுடன் தொடர்புள்ள மூன்று மரபணுக்களை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2010-இல் அடையாளம் கண்டார்கள். எல்லோருடைய திக்கலுக்கும் அவைதான் விளக்கம் என்று ஆகாது. ஆனால் வேர் வளர்ப்பில் இல்லை, உடலில் இருக்கிறது என்பது உறுதி.

பரம்பரை என்றதும் ‘அப்படியென்றால் என் ரத்தம்தானே’ என்று அடுத்த பழியைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். சுருட்டை முடி வந்ததற்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அடித்ததற்கு மட்டும் மகனைக் கட்டிக்கொண்டு ‘அம்மா அடிச்சது தப்பு’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கையும் திக்கலையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

மாமியாரிடம் நீங்களே வாதாட வேண்டாம். ‘அத்தை, பேச்சுப் பயிற்சிக்கு நீங்களும் வாங்க, உங்க சந்தேகத்த நீங்களே கேளுங்க’ என்று கூட்டிப் போங்கள். மருமகள் பத்து முறை சொன்னாலும் ஏறாதது, அங்கே ஒரே தடவையில் ஏறும். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவைப்பது இரண்டும் வேண்டாம். திக்கல் நாக்கின் தடிப்பால் வருவதல்ல. கல் மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மகனுக்கு வார்த்தை அடைக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகுகிறது. என்னை அறியாமல் அந்த வார்த்தையை நானே சொல்லிவிடுகிறேன். ‘மெதுவா பேசு’ என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பலனில்லை.
— வாசகி, சேலம்

அடுத்த முறை உங்களையே கவனியுங்கள். அவன் ‘த்...’ என்று நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அந்த நொடியில் நீங்கள் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். தோள் ஏறியிருக்கும், புருவம் சேர்ந்திருக்கும், உதடு அவன் வார்த்தையைத் தானாக உச்சரித்துக்கொண்டிருக்கும். மகன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதல்ல, விடுவது. தோள் தானாக இறங்கும். பிறகு இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். கண்ணை விலக்காமல், உற்றும் பார்க்காமல், அவன் சொல்ல வரும் விஷயத்தை மட்டும் கேளுங்கள். அவன் முடித்த பிறகு மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். ‘த்... த்... தண்ணி வேணும்’ என்றால், ‘தண்ணியா? இதோ தர்றேன்’ என்று நிதானமாக. அவ்வளவுதான்.

‘மெதுவா பேசு’, ‘மூச்சை இழுத்துட்டுப் பேசு’ என்பவை ஏன் பலிப்பதில்லை? அவை பேச்சை ஒரு பரீட்சையாக்கிவிடுகின்றன. அவனை மெதுவாக்குவதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், வாக்கியங்களுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விட்டு. கேள்விகளைக் குறையுங்கள். ‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? யார் கூட சாப்பிட்ட?’ என்பதற்குப் பதில் ‘டப்பா காலியா இருக்கே, பசி போல’ என்று நீங்கள் ஒன்று சொன்னால், பேசுவதா வேண்டாமா என்பது அவன் கையில்.

நாள் முழுவதும் இப்படி இருக்க எந்த மனுஷியாலும் முடியாது. முயன்றால் மூன்றாம் நாள் வெறுத்துப் போகும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவன் விரும்பும் விளையாட்டில் உட்காருங்கள். அந்த நேரத்தில் மட்டும் இதைச் செய்தால் போதும். மற்ற நேரத்தில் சோறு வடிக்கும் அவசரத்தில் ஒரு வார்த்தையை நீங்கள் முடித்துவிட்டால் குடி முழுகிப் போகாது.

பாட்டுப் பாடும்போது மகள் திக்குவதில்லை. நாய்க்குட்டியிடம் பேசும்போதும் இல்லை. என்னிடம் மட்டும் வேண்டுமென்றே செய்கிறாளா?
— வாசகி, காரைக்குடி

இல்லவே இல்லை. பாட்டில் தாளம் முன்கூட்டியே இருக்கிறது, வார்த்தை மனப்பாடம். பலரோடு சேர்ந்து ஒப்பிக்கும்போதும் பெரும்பாலும் திக்காது. நாய்க்குட்டி பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அம்மாவிடம்தான் பிள்ளை அதிகம் பேசும், அவசரமாகவும் பேசும், அதனால் அங்கே அதிகம் தெரியும். இதைத் தெரியாமல் அவளைத் திட்டியிருந்தால், இப்போது தெரிந்துகொண்டீர்கள். அது போதும்.

மகன் திக்குவதை ஒரு நோட்டில் எண்ணி எழுதுகிறேன். நேற்று 62 முறை, அதற்கு முந்தைய நாள் 20. குறைந்த நாளில் எனக்குப் பண்டிகை. கூடிய நாளில் சோறு இறங்குவதில்லை. ஆறு மாதமாக இப்படித்தான்.
— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

அந்த நோட்டை இன்றே மூடி வையுங்கள். திக்கல் அலை மாதிரி ஏறி இறங்கும். காரணமே இல்லாமல் இரண்டு வாரம் காணாமல் போய்த் திரும்பும். அதன் மேல் உங்கள் மனநிலையைக் கட்டி வைத்தால் நீங்களும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டியதுதான். எண்ணிக்கொண்டிருக்கும் காது, பிள்ளை என்ன சொல்கிறது என்பதைக் கேட்பதில்லை.

பயிற்சியாளருக்குக் குறிப்பு தேவைப்படும், உண்மைதான். அதற்குப் படுக்கப்போகும் முன் தேதித்தாளில் ஒரே ஓர் எண் போதும்: திக்கலே இல்லை என்றால் 0, மிகக் கடுமை என்றால் 9. எழுதியதும் தேதித்தாளைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுங்கள். வாரக்கடைசியில் மட்டும் ஏழு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு எண், உங்களுக்காக: இன்று என் மனபாரம் எவ்வளவு? சில வாரம் போனால், மகனின் எண்ணும் உங்கள் எண்ணும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை என்பது தெரியும். உங்கள் எண் ஏறுவது தூக்கம் கெட்ட மறுநாளா, உறவினர் வந்த நாளா என்றும் பிடிபடும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டதால் இனிக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் ‘டி.இ.ஐ.சி.’ என்ற அரசு மையம் எங்கே என்று விசாரித்தாலும் வழி காட்டுவார்கள். திக்கும்போது கண்ணைச் சிமிட்டுவது, காலைத் தட்டுவது, ‘என்னால பேச முடியல’ என்று அழுவது இருந்தால் நாட்களே எண்ண வேண்டாம், உடனே போங்கள்.

உங்களுக்கும் ஓர் அளவு சொல்கிறோம். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அது ‘கவலை’ அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பு. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் அம்மா’ வராமல் நிற்கிறான், வகுப்பே சிரிக்கிறது. நான் டீச்சர் முன் அழுதுவிட்டு வந்தேன்.
— வாசகி, விழுப்புரம்

பேர் கூப்பிட்டதும் உடனே, குறித்த ஒரே வார்த்தையை, எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். திக்குபவர்களுக்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை. நேரில் போனால் அழுகை வரும் என்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் மூன்றே வேண்டுகோள்: வருகைக்குக் கை தூக்கினால் போதும், வாசிப்பைப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள், வார்த்தையை முடித்துக் கொடுக்காமல் காத்திருங்கள். பேசவே விடாமல் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் மகனிடம் வாசித்துக் காட்டுங்கள், அவன் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள்.

கல்யாணம், காதுகுத்து எதற்கும் இப்போது போவதில்லை. மகன் திக்குவதைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களே என்று.
— வாசகி, மன்னார்குடி

சின்னதாக, தெரிந்தவர்கள் கூடும் ஒரு விசேஷத்தில் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் இருந்தால் போதும். மகனிடம் முன்பே கேளுங்கள்: ‘யாராவது பேர் கேட்டா நீ சொல்றியா, அம்மா சொல்லட்டுமா?’ அவன் சொல்வதாகச் சொன்னால் இடையில் புகாதீர்கள். யாராவது அவசரப்படுத்தினால் சொல்ல ஒரு வரி கைவசம் இருக்கட்டும், வீட்டிலேயே நாலு முறை சொல்லிப் பழகி: ‘அவன் சொல்லி முடிக்கட்டும் சித்தி, நாங்க காத்திருப்போம்.’