எட்டு மாதமாக வரைந்தும் முகம் கோணலாகவே வந்தால்

விட்டுவிடாதீர்கள். எட்டு மாதமாக வரைந்தும் முகம் கோணலாக வருகிறது, கூடப் படிப்பவர் மூன்றே மாதத்தில் முந்திவிட்டார், திறமையே இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். குறை திறமையில் இல்லை, முகத்தின் அளவுகளைப் பார்ப்பதில்.

பெரும்பாலும் எதிரில் இருக்கும் முகத்தை விட்டுவிட்டு மனதில் பதிந்த முகத்தை வரைகிறீர்கள். நெற்றியைக் குறுக்கி, கண்ணை மேலே ஏற்றிவிடுவோம். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண் இருக்கிறது. பழைய படங்களில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், எனக்கு அரை அங்குலம் தள்ளியிருந்தது!

அப்புறம் ஒரு சோதனை. ஒரு புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து, கண், மூக்கு என்று நினைக்காமல் கோடுகளை மட்டும் பார்த்து வரையுங்கள். திருப்பினால் வழக்கத்தைவிட நன்றாக வந்திருக்கிறதா? சரி, கை தயார். கண்ணைத்தான் பழக்க வேண்டும்.

அதற்கு ஞாயிறு காலை பெங்களூரு கப்பன் பார்க் போங்கள். பெஞ்சில் செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கும் பெரியவர், நாயின் கயிற்றை இழுக்கும் பையன், ஆளுக்கு 2 நிமிடம். யாரும் அசையாமல் இருக்க மாட்டார்கள், அதனால் அழகாக முடிக்கும் ஆசையே போய்விடும். எனக்கு ஆர்வம் திரும்பியது அதே ஊரின் லால்பாக் பூங்காவில் பாறைமேல் இப்படி உட்கார்ந்தபோதுதான்.

சிலருக்குச் சீக்கிரம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கூடப் படிப்பவர் சிறுவயதிலிருந்தே வரைந்தவரா என்று கேட்டுப் பாருங்கள். செல்ஃபியைப் பார்த்து மட்டும் பழகாதீர்கள். கிட்டத்தில் எடுப்பதால் மூக்கு பெரிதாகத் தெரியும்.