பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டதா? ஜிஎஸ்எம்-ஐ ஏற்றிப் பயனில்லை

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்துகள் அச்சிட்ட டி-ஷர்ட்களை அவரும் தம்பியும் ஏஜென்ட் ஒருவர் மூலம் 60 எண்ணிக்கையில் தைத்து வாங்கி விற்றிருக்கிறார்கள். இரண்டு துவையலில் நீளம் ஒன்றரை அங்குலம் குறைந்தது. பக்கத் தையல் மூன்று அங்குலம் திரும்பி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. ‘180 ஜிஎஸ்எம், பயோ வாஷ், எக்ஸ்போர்ட் குவாலிட்டி. உங்கள் ஆட்கள் வெந்நீரில் துவைத்திருப்பார்கள்’ என்கிறாராம் ஏஜென்ட். அடுத்த 120-ஐ 220 ஜிஎஸ்எம் துணியில் தைத்தால் சரியாகுமா என்பது கேள்வி.

ஆகாது. அதே கோளாறு கனமான துணியில் வரும், கூடுதல் விலையில்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். மட்டமான கார்டட் நூலிலும் 180 வரும், குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலிலும் 180 வரும். ஒரு வேடிக்கையும் உண்டு: சுருங்கும் துணியைத் துவைத்தால் பரப்பு குறைந்து ஜிஎஸ்எம் ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் பழைய டி-ஷர்ட்கள் இப்போது தரம் கூடியிருக்க வேண்டும்!

பயோ வாஷும் இதற்கு மருந்தல்ல. அது துணியின் மேலுள்ள பஞ்சு மயிரை நொதியால் அரித்து வழவழப்பாக்கும் வேலை. சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவது காம்பாக்டிங்: நீராவி கொடுத்துத் துணியை நீளவாக்கில் முன்கூட்டியே ஒடுக்கிவிடுவது. இந்த வார்த்தையை உங்கள் ஏஜென்ட் ஒரு முறையாவது உச்சரித்தாரா? பயோ வாஷ் என்றால் வாங்குபவருக்கு இனிக்கிறது, அதனால் அதைச் சொல்கிறார்கள். ‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ பற்றிச் சொல்லவே வேண்டாம். பொம்மனஹள்ளியில் ஏற்றுமதி நிறுவனங்களின் தரப் பரிசோதனை மேஜையில் பல ஆண்டுகள் நின்றவன் நான். அந்தப் பெயரில் ஒரு தரம் இருந்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளியதற்கும் உள்ளூர்ச் சந்தையில் அதே பெயர்தான்.

இனித் தையல் திரும்பிய விஷயம். வெந்நீர்ப் பழியை விட்டுவிடுங்கள். வெந்நீர் சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டலாம். தையல் திரும்புவதற்கு அது காரணமில்லை. காரணம் இரண்டில் ஒன்று. நூலில் அடங்காத முறுக்கு இருந்தால், தண்ணீர் பட்டதும் அது தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். சிங்கிள் ஜெர்சி எனும் சாதாரண டி-ஷர்ட் பின்னல் துணியில் கண்ணிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். அல்லது, கட்டிங் மாஸ்டர் துணி மிச்சம் பிடிக்கப் பாகங்களைக் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருப்பார். எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். விற்காமல் மீந்ததில் பத்தை எடுத்துத் துவைத்து வரிசையாகப் பரப்புங்கள். எல்லாம் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு திரும்பியிருந்தால் குற்றம் பெரும்பாலும் துணியில். ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று நேர் என்று இருந்தால் கத்தரியில். இந்தப் பத்தோடு போய்ப் பேசுங்கள். ஏஜென்ட் வெந்நீரை மறந்துவிடுவார்.

அடுத்த முறை டி-ஷர்ட்டாக வாங்காதீர்கள். துணியைத் தனியாக வாங்குங்கள், தையலுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். ஏஜென்ட் இரண்டையும் ஒரே விலையில் சுருட்டுவதே, எதில் கைவைத்தார் என்று தெரியாமல் இருக்கத்தான். (நானும் ஒரு முறை சோம்பல்பட்டு மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தேன். உடல் பாகமான பாடி ஒரு சாயம், கழுத்துப் பட்டையான ரிப் ஒரு சாயமாக வந்தது. கேட்டபோது ‘டிசைன்’ என்றார்.) பெங்களூருத் தொழிற்சாலைகளுக்குச் சட்டை, பேன்ட் துணிதான் பழக்கம், டி-ஷர்ட்டுக்கான பனியன் துணிக்குத் தாய்வீடு திருப்பூர். சேலம், ஈரோடு வழியாக ரயிலில் ஒரு நாள் போய் வந்துவிடலாம். 180 ஜிஎஸ்எம்-இல் ஒரு கிலோவுக்கு எம் அளவு ஐந்தும், எக்ஸ்எல் நான்கும் தேறும். 120-க்கு 30 கிலோ போதும். இவ்வளவு சிறிய அளவுக்கு உங்களுக்கென்று தனி நிறம் சாயமிட்டுத் தருவது கடினம். இருப்பில் உள்ள நிறத்தை எடுங்கள், பாடிக்கும் ரிப்புக்கும் ஒரே லாட் எண், அதாவது ஒன்றாகச் சாயமிட்ட துணி, கேளுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்பார்கள், இணங்காதீர்கள். பில்லில் நூல் எண் (நூலின் பருமனைச் சொல்வது), கோம்டு, காம்பாக்டிங், ஜிஎஸ்எம், சுருக்கம் 5 சதவீதத்துக்குள் என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் துணியும் வாங்காதீர்கள். அரசாங்கம் உங்களுக்கு உதவும் என்று காத்திருக்க வேண்டாம். விலையும் அளவும் ஆடைச் சீட்டில் இருக்கிறதா என்று சட்டம் பார்க்கும். மூன்று துவையலுக்குப் பிறகு அந்த அளவு அப்படியே இருக்குமா என்று கேட்க ஆளில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பத்து வருடம் உழைக்கும் டி-ஷர்ட்டுக்கும் இரண்டு மாதத்தில் கரித்துணியாவதற்கும் அதே 5.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதையே சாக்காகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். தைத்த பிறகு முழு டி-ஷர்ட்டையும் துவைத்தோ சாயமிட்டோ தருவது கார்மென்ட் வாஷ். அங்கே சுருக்கம் அந்தத் துவையலிலேயே நடந்துவிடும். அதற்காகவே பாகங்களைப் பெரிதாக வெட்டுவார்கள். ஆகவே துணி நிலையில் 7, 8 சதவீதம் சுருங்கினாலும் குற்றமில்லை. ஆனால் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும், உண்மையாகவே துவைத்திருக்க வேண்டும். துவைத்ததற்கு அடையாளம் உண்டு: கீழ்மடிப்பிலும் தோள் தையலிலும் மெல்லிய சுருக்கங்கள், தையல் மேட்டில் லேசாக மங்கிய நிறம். இஸ்திரி போட்டு மொடமொடவென்று வந்து ‘கார்மென்ட் வாஷ்’ என்றால் நம்பாதீர்கள். இன்னொன்று, கார்மென்ட் வாஷ் சுருக்கத்துக்குத்தான் பதில், முறுக்குக்கு அல்ல. முறுக்குள்ள துணி அந்தத் துவையலிலேயே திரும்பி, கோணலாகவே உங்கள் கைக்கு வரும்.

தைக்கும் இடத்தில் இரண்டே வேண்டுகோள். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்டு வெட்டச் சொல்லுங்கள். இழுத்துச் சுற்றிய துணி உடனே வெட்டினால் மேஜையிலிருந்து எடுத்ததும் குறுகும். கழுத்து ரிப்பில் லைக்ரா இருக்கட்டும். அச்சைப் பொறுத்தவரை, சூட்டில் அழுத்தும் முறையென்றால் அந்தச் சூடும் சுருக்கும், ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

30 கிலோவுக்கும் பணம் கட்டும் முன் ஒரு மீட்டர் வாங்கி வாருங்கள். 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும். அதுதான் 180 ஜிஎஸ்எம். மீதித் துணியின் நடுவே மார்க்கர் பேனாவால் 50 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, வீட்டு மெஷினில் மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளவெடுங்கள். எந்தப் பக்கமும் 47.5-க்குக் கீழே போகக்கூடாது, மூலைகள் சாயக்கூடாது. சாய்ந்திருந்தால் வேறு கடை பாருங்கள். கத்தரி பட்ட துணியை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.