பாட்டு என்னிடம், சாவி யாரிடம்?

கேள்வி: சார், பல வருடங்களுக்கு முன் ஓர் ஆன்லைன் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளைப் புதுக் கணினிக்கு மாற்றினேன். ஒன்றுகூடப் பாடவில்லை. பழைய கணினியில் இன்னும் பாடுகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

பதில்: கெடவில்லை, பூட்டியிருக்கின்றன. அந்தக் காலத்துக் கடைகள் பாட்டைக் குறியாக்கம் செய்துதான் விற்றன. திறக்கும் சாவி கடையின் சர்வரிலிருந்து உங்கள் பழைய கணினிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. புதுக் கணினி தனக்கொரு சாவி கேட்கிறது. கடையையே மூடிவிட்டுப் போயிருந்தால் யார் கொடுப்பார்கள்?

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். மியூசிக், 2008 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய கணினிகளுக்குச் சாவி தரமாட்டோம் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் 2011 கடைசிவரை தவணை கொடுத்தார்கள். இதற்கு முன்பே இன்னொரு கூத்து. தங்கள் பூட்டு போட்ட பாட்டுகள் எந்தெந்த பிளேயரில் பாடும் என்பதற்கு பிளேஸ்ஃபார்ஷ்யூர் என்று முத்திரை குத்தி வந்த அதே நிறுவனம், 2006இல் ஜூன் (Zune) என்ற சொந்த பிளேயரை இறக்கியது. அதில் அந்தப் பாட்டுகள் பாடாது!

பழைய கணினியை இப்போதைக்கு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். நெட்டைத் துண்டித்துவிடுங்கள், எந்த அப்டேட்டும் வேண்டாம். பெரும்பாலான கடைகள் பாட்டை ஆடியோ சிடியில் எழுத அனுமதித்திருந்தன. அப்படி எழுதி, அந்த சிடியைப் புதுக் கணினியில் ஃபிளாக் (FLAC, தரம் இழக்காமல் சுருக்கும் வடிவம்) கோப்பாக ஏற்றிக்கொள்ளுங்கள். கடை சுருக்கி விற்றபோது இழந்த தரம் திரும்ப வராது, ஆனால் இருப்பது மேலும் குறையாது. பாட்டின் பெயர், பாடகர் பெயர் எல்லாம் காணாமல் போயிருக்கலாம், உட்கார்ந்து கையால் அடிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். பிடித்த ஐம்பது பாட்டை முதலில் எடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஏ.ஏ.சி. (AAC) என்ற பாட்டுக் கோப்பு வகை ஆப்பிளின் மூடிய வடிவம், எம்பி3 எல்லோருக்கும் பொதுவானது என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: இரண்டுமே தப்பு. ஏ.ஏ.சி. 1997லேயே எம்பெக் (MPEG) என்ற சர்வதேசக் குழுவின் பொதுத் தரமாக வந்துவிட்டது. ஃபிரான்ஹோஃபர், டால்பி, சோனி, ஏடி&டி எல்லோரும் கைவைத்து உருவாக்கியது. ஆப்பிள் செய்தது, 2003இல் ஐட்யூன்ஸ் என்ற பாட்டுக் கடை திறந்தபோது அதன் மேல் ஃபேர்பிளே என்ற பூட்டைப் போட்டதுதான். கோப்பின் பெயர் எம்4ஏ (m4a) என்று முடிந்தால் வழக்கமாகப் பூட்டு இருக்காது. எம்4பி (m4p) என்று முடிந்தால் பூட்டு உண்டு. எம்பி3க்கோ பூட்டு கிடையாதே தவிர காப்புரிமை இருந்தது. அதை வாசிக்கும் மென்பொருள் செய்பவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில்தான் முடிந்தது. கட்டணமே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் உருவாக்கியதுதான் ஆக் வோர்பிஸ் என்ற வடிவம். 2002இல் முதல் முழுப் பதிப்பு வந்தது.

சண்டை போடுவதானால் பூட்டோடு போடச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை. ஸ்டீவ் ஜாப்ஸே 2007 பிப்ரவரியில் ஒரு திறந்த கடிதம் எழுதி, பூட்டு கேட்டது இசை நிறுவனங்கள்தான், அவர்கள் விட்டுக்கொடுத்தால் நாங்கள் எடுத்துவிடத் தயார் என்றார். அதே பாட்டுகளை அதே நிறுவனங்கள் பூட்டே இல்லாத சிடியில் விற்றுக்கொண்டுதான் இருந்தன. அந்த வருடமே ஈ.எம்.ஐ. என்ற இசை நிறுவனம் ஒத்துக்கொண்டது. 2009இல் ஐட்யூன்ஸ் கடையின் பாட்டுகள் எல்லாமே பூட்டில்லாமல் வந்தன. அதனால் யாரும் கடையைச் சாத்திவிடவில்லை.

கேள்வி: பாட்டு மென்பொருள் அப்டேட் கேட்டால் போடலாமா, வேண்டாமா?

பதில்: போடலாம், அதே நாளில் வேண்டாம். பெரிய பதிப்பு வந்தால் நான் சில வாரம் காத்திருப்பேன். மற்றவர்கள் புலம்பி முடிக்கட்டும். நெட்டில் இருக்கும் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் உடனே போட்டுவிடுவேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று. பாட்டுக் கோப்புகளை நகலெடுத்து வைத்தால் போதாது. எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள், எந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள் என்பதெல்லாம் பொதுவாக லைப்ரரி என்ற தனிக் கோப்பில் இருக்கும். புதுப் பதிப்பு அதைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிவிடும். பிடிக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பினால், இது புதிய பதிப்பில் உருவானது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அதனால் அப்டேட் போடுமுன் லைப்ரரி கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள்.

அப்டேட் என்ற பெயரில் வருவதெல்லாம் மேம்பாடா என்றால், அதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2004இல் ரியல்நெட்வொர்க்ஸ், தன் கடைப் பாட்டுகள் ஆப்பிளின் பிளேயரான ஐபாடிலும் பாடும்படி ஹார்மனி என்று ஒன்றைச் செய்தது. ஆப்பிள் கொதித்தது. பிறகு வந்த அப்டேட்டுகளில் அந்தப் பாட்டுகள் ஐபாடில் பாடாமல் போயின. வழக்கு பத்து வருடம் இழுத்தது. 2014 டிசம்பரில் ஓக்லண்ட் நீதிமன்ற ஜூரி, 2006இல் வந்த ஐட்யூன்ஸ் 7.0 மென்பொருள் உண்மையான மேம்பாடுதான் என்று சொல்லி ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்காகச் செய்தோம் என்பது ஆப்பிளின் வாதம். தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் நேற்றுவரை பாடிய பாட்டு இன்று பாடாமல் போனவருக்கு அதை மேம்பாடு என்று என்னால் சொல்ல வராது.

நீங்கள் இசையமைப்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2019இல் மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை அடியோடு கைவிட்டபோது, எத்தனையோ பழைய பிளகின்கள் (இசை மென்பொருளோடு சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்கள்) ஒரே அப்டேட்டில் ஊமையாகின. ஒரு வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக வேவ் (WAV) என்ற சாதாரண ஒலிக் கோப்பாக எழுதி வையுங்கள்.

கேள்வி: எம்பி3ஐ ஃபிளாக் ஆக மாற்றினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. கோப்பின் பருமன்தான் கூடும்.

கேள்வி: எம்.க்யூ.ஏ. (MQA) என்ற ஒலி வடிவம் வந்தால் விளக்கு எரிகிற டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் கருவி) ஒன்று வாங்கினேன். இப்போது டைடல் என்ற இணைய இசைச் சேவையில் கேட்டால் அது எரிவதே இல்லை. பழுதுபார்க்கக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், டாக் நன்றாகத்தான் இருக்கிறது. டைடல் 2024 ஜூலையில் எம்.க்யூ.ஏ.வைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. எம்.க்யூ.ஏ. 2014இல் ஸ்டூடியோ தரம் என்ற ஆரவாரத்தோடு வந்தது. அதை முழுத் தரத்தில் கேட்க உரிமம் பெற்ற கருவி வேண்டும். 2023இல் அந்த நிறுவனமே நொடித்து, இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விளக்குக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசுதான் உறுத்துகிறது.

கேள்வி: என் ஐபோன் பாட்டு லைப்ரரி ஃபிளாக்கை ஏற்க மறுக்கிறது. சிடிகளை ஆப்பிள் லாஸ்லெஸ்ஸில் ஏற்றினால் பின்னால் மாட்டிக்கொள்வேனா?

பதில்: மாட்டமாட்டீர்கள். 2004இல் அது மூடியதாகத்தான் வந்தது, ஆனால் 2011இல் ஆப்பிள் அதன் மூல நிரலை வெளியிட்டுவிட்டது. ஃபிளாக், ஆப்பிள் லாஸ்லெஸ் இரண்டும் இழப்பில்லாத வடிவங்கள் என்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாற்றினாலும் ஒலி அப்படியே இருக்கும். தாராளமாக ஏற்றுங்கள்.