மறுமை, உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லறைத் திருநாளையொட்டி வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், ஆரணிப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தென்னிந்தியத் திருச்சபையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (காட்பாடி): ஐயா, அடக்க ஆராதனையில் "அம்மா பரலோகம் போய்விட்டார்கள்" என்கிறோம். விசுவாசப் பிரமாணத்திலோ "சரீரம் உயிர்த்தெழுதல்" என்று அறிக்கையிடுகிறோம். இவற்றில் எது நம் நம்பிக்கை?

பதில்: இரண்டும்தான். ஆனால் இரண்டாவதை நம் சபைகள் ஏறக்குறைய மறந்துவிட்டன என்பது என் நெடுநாள் வருத்தம். விசுவாசி இறக்கும்போது கிறிஸ்துவுடன் இருக்கப் போகிறார். "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க" ஆசையுண்டு என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது இதைத்தான். ஆயினும் அது காத்திருக்கும் நிலையே அன்றி முடிவு அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் மனிதர்கள் மேலே பறந்து போவதில்லை. பரிசுத்த நகரம் தேவனிடத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்தில் வாசமாயிருக்கிறார். ஆகவே உடலை உதறிவிட்டு ஆவி தப்பிப்போவது கிறிஸ்தவ நம்பிக்கையின் கடைசி வார்த்தையாக இருக்க முடியாது. இயேசு கல்லறையை வெறுமையாக விட்டு எழுந்தார், சீஷர்களுக்கு முன்பாக மீன் சாப்பிட்டார், ஆணி பாய்ந்த கைகளைக் காட்டினார். அவருக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்பதே ஆதித் திருச்சபை பிடித்துக்கொண்ட நம்பிக்கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நித்திய ஜீவன் இறந்த பிறகுதான் தொடங்கும் என்று நினைக்கிறோம். யோவான் 17:3இல் இயேசு பிதாவையும் தம்மையும் "அறிவதே நித்தியஜீவன்" என்கிறார். அந்த அறிவு உங்கள் அம்மாவுக்கு என்றைக்குத் தொடங்கியதோ, அன்றைக்கே அவர்களுடைய நித்திய ஜீவனும் தொடங்கிவிட்டது. மரணம் அதை அறுக்கவில்லை.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உறவினர் ஒருவர் சொன்ன வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

பதில்: சகோதரி, அந்த உறவினர் சொன்னதை நீங்கள் எழுதவில்லை, எழுதாமலே எனக்குப் புரிகிறது. அதை நம்பாதீர்கள். தாவீதின் குழந்தை ஏழாம் நாள் இறந்தபோது, "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்று அவன் சொன்னான். சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீஷர்கள்மீது இயேசு கோபமடைந்தார். நம் ஆற்காட்டுப் பகுதிக்கு 1850களில் மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தாரை அனுப்பிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபை, 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய ஆலோசனைச் சங்கத்தின் தீர்மானங்களை ஏற்ற சபை. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தெரிந்துகொண்டார் என்னும் முன்குறித்தலைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசும் அந்தத் தீர்மானங்களே, சிசுப்பருவத்தில் தேவன் அழைத்துக்கொண்ட பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்துப் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படலாகாது என்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையிலும், ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்புவதற்குப் போதிய காரணங்கள் உண்டு என வத்திக்கானின் இறையியல் ஆணையம் 2007இல் எழுதியது. உங்கள் குழந்தையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அந்தப் பெயர் தேவனுக்குத் தெரியும்.

மற்ற வாசகர்களிடம் ஒரு மன்றாட்டு: சாவு வீட்டில் யார் பரலோகம், யார் நரகம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். அந்தக் கணக்கு நம் கையில் கொடுக்கப்படவில்லை.

கேள்வி (ஆரணி): ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. தகனம் செய்தால் உயிர்த்தெழுதல் தடைப்படுமா?

பதில்: தடைப்படாது. கி.பி. 177இல் லியோன் நகரத்து இரத்தசாட்சிகளைக் கொன்றவர்கள், இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். திருச்சபை அதனால் கலங்கவில்லை. கத்தோலிக்கரும் 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறார்கள். "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்கிறார் பவுல். விதைத்த கேழ்வரகை மண்ணுக்குள் யாரும் தேடுவதில்லை, கதிரைத்தான் பார்க்கிறோம். அடக்கம் செய்ய முடிந்தால் செய்யுங்கள், அது அழகான சாட்சி. முடியாவிட்டால் மனம் குற்றப்பட வேண்டாம்.

கேள்வி (வாணியம்பாடி): இறந்தவர்கள் கடைசி நாள்வரை உணர்வின்றித் தூங்குகிறார்கள் என்று எங்களுக்குப் போதிக்கிறார்கள். தம்மோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடம் இயேசு சொன்னது, "இன்றைக்கு நீ என்னுடன் பரதீசிலிருப்பாய்" என்பதல்ல, "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன், நீ என்னுடன் பரதீசிலிருப்பாய்" என்பதாமே? மூலத்தில் நிறுத்தற்குறி இல்லையே?

பதில்: பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தற்குறி இல்லை என்பது உண்மை. அப்படியானால் பேச்சு வழக்கைத்தான் பார்க்க வேண்டும். "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது இயேசு பலமுறை பயன்படுத்திய முகப்புச் சொல். வேறு எந்த இடத்திலும் அதனுடன் "இன்றைக்கு" என்பதை அவர் சேர்த்ததில்லை. மேலும், நீர் ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்தருளும் என்று என்றோ ஒரு நாளைக் குறித்துத்தான் கள்ளன் கேட்டான். "இன்றைக்கு" என்பது அதற்கு வந்த விடை.

அதே வாசகர் மீண்டும்: உயிர்த்தெழுந்த நாளில் இயேசு மரியாளிடம், நான் இன்னும் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை என்றார். அப்படியிருக்க வெள்ளிக்கிழமை பரதீசில் எப்படி இருந்தார்?

பதில்: நல்ல கேள்வி. உயிர்த்தெழுந்த சரீரத்தோடு பிதாவிடம் ஏறிப்போவதைப் பற்றி மரியாளிடம் பேசுகிறார். சிலுவையிலோ, கள்ளனுக்கு வாக்குக் கொடுத்து மூன்று வசனங்களுக்குப் பிறகு, "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்கிறார். மரணத்தைக் குறிக்க வேதம் சொல்லும் "நித்திரை" என்ற சொல்லுக்கும் இதே போன்ற விளக்கம் அப்போஸ்தலர் நடபடிகளின் 7ஆம் அதிகாரத்தில் உண்டு: ஸ்தேவான் தன் ஆவியை ஏற்றுக்கொள்ளும்படி இயேசுவை வேண்டுகிறான், அடுத்த வசனத்தில் நித்திரையடைகிறான். இரண்டும் ஒரே மரணம். எழுப்பப்படுவோம் என்பதால்தான் அதற்குத் தூக்கம் என்று பெயர். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டத்தையே "தூங்குமிடம்" என்றார்கள். இந்த விவாதம் புதிதும் அல்ல. இறந்த நீதிமான்கள் கடைசி நாள்வரை தேவனை முகமுகமாய்க் காணும் தேவதரிசனம் பெறமாட்டார்கள் என்று 1331இல் பிரசங்கித்த போப் இருபத்திரண்டாம் யோவானைச் சுற்றிப் பெரும் சச்சரவு எழுந்தது; அடுத்த போப் 1336இல் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தார். ஆத்துமா தூங்குகிறது என்பதை மறுத்து 1534இல் சீர்திருத்தவாதி கால்வின் தனி நூலே எழுதினார்.

மூன்றாம் முறையும் இதே வாசகர், பிரசங்கி 9:5ஐக் காட்டி எழுதியிருக்கிறார். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்பது சூரியனுக்குக் கீழே நின்று பார்க்கிறவனின் புலம்பல். கிறிஸ்து எழுந்த பிறகு எழுதப்பட்ட நிருபங்களை அதைக்கொண்டு அளக்கக் கூடாது. இந்தப் பொருளில் இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி (திருவண்ணாமலை): இறந்தவர்கள் பரலோகம் போகுமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கும் ஸ்தலம் உண்டா?

பதில்: நீங்கள் கத்தோலிக்கர் என்று எழுதியிருப்பதால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்பதே முறை. என் சபை அதை ஏற்பதில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை, ஆற்காடு, போளூரிலிருந்து ஐந்து பேர்): அங்கே ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா?

பதில்: தெரியும். மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்தவரைத் தன் பெயரைச் சொல்லி அழைத்த குரலில் அறிந்துகொண்டாள். ஐந்து பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி (வேலூர்): பரலோகம் போய்த் திரும்பிய ஒருவரின் காணொளியில், கிறிஸ்துவின் இரண்டாம் வருகையின் ஆண்டும் சொல்லப்பட்டிருக்கிறதே?

பதில்: இதை மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள், மூன்றாம் முறையாக எச்சரிக்கிறேன். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவரே அறிவார் என்று கர்த்தர் சொன்ன பிறகு ஆண்டைச் சொல்பவருக்குச் செவிகொடுக்க வேண்டாம், காணிக்கையும் அனுப்ப வேண்டாம். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட பவுல், அங்கே கேட்டவற்றை மனுஷர் பேசலாகாது என்று வாயை மூடிக்கொண்டார்.

கேள்வி (ஆம்பூர்): இருபத்தாறு வருடமாக ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. தைத்ததில் ஒரு ஜோடி நான் போட்டதில்லை. நித்திய ஜீவனில் வேலை இருக்குமா, வெறும் பாட்டு மட்டும்தானா?

பதில்: இன்று வந்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. ஏதேனில் பாவம் வருவதற்கு முன்பே மனிதனுக்குத் தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை இருந்தது. சாபமாக வந்தது நெற்றி வியர்வையும் முள்ளும்தான். வெளிப்படுத்தினவிசேஷம் 22இல், தேவனுடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள், அவருடைய முகத்தையும் தரிசிப்பார்கள் என்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அந்த நகரத்தின் நடுவே பளிங்கைப் போலத் தெளிந்த ஆறு ஓடுகிறது. தோல் கழிவு கலந்த பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வசனம் வேறு விதமாகவே கேட்கிறது. ஏசாயா 65இல் புதிய வானத்தையும் புதிய பூமியையும் வாக்களித்த கையோடு தேவன் சொல்லும் காரியம் உங்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது: அங்கே வீடு கட்டுகிறவர்களே அதில் குடியிருப்பார்கள், திராட்சத்தோட்டம் வைத்தவர்களே அதன் கனியைப் புசிப்பார்கள், ஒருவர் பாடுபட, மற்றொருவர் அனுபவிப்பது அங்கே இல்லை. தம்பி, நீங்கள் தைக்கும் ஜோடி அங்கே உங்கள் காலில் இருக்கும் என்றுதான் நான் அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன்.