நடைபாதை மானியம்: தன்னார்வ உழைப்பு உங்கள் பங்கில் சேரும்

பாதைத் திட்டச் செலவில் உங்கள் பங்கான 20 சதவீதத்தை ரொக்கமாகவே காட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பாதைகளுக்கு மத்திய அரசு தரும் மானியமான ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராமில் தன்னார்வலர் உழைப்பு, நன்கொடையாக வந்த சரளை இரண்டுக்கும் மதிப்புப் போட்டுக் காட்டலாம்.

மானியத்தைக் கையாளும் மாநில அலுவலகம் உங்கள் தன்னார்வலர்களின் மணிக்கணக்கை ஏற்காமல் தள்ளியிருந்தால், காரணம் பெரும்பாலும் வேலை செய்த தேதியாக இருக்கும். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் முன் செய்த வேலை பொதுவாகச் சேராது, எவ்வளவு பாடுபட்டிருந்தாலும்.

வருகைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பெயர், தேதி, நேரம், கையெழுத்து இருக்கிறதா? "பாதை வேலை" என்று மொத்தமாக எழுதியிருந்தால் "வடிகால் வெட்டியது, 3 மணி நேரம்" என்று பிரித்து எழுதுங்கள்.

அப்புறம், பணம் பொதுவாக முன்கூட்டி வராது. செலவழித்து ரசீது கொடுத்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதுவரை தாங்கக் கையிருப்பு இருந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும், அதையும் கேட்டுவிடுங்கள்.