சார்க்கை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்

கோவையிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜெர்மனியில் இருக்கும் என் நண்பன் எல்லையில் யாரும் மறிக்காமல் பாரிஸ் போய் வருகிறான். நமக்கும் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பாக சார்க் இருக்கிறதே, இலங்கையில் இந்தியர்களுக்கு அப்படி ஏதாவது சலுகை உண்டா?"

இல்லை தம்பி. எல்லைச் சோதனையை எடுத்துவிட ஐரோப்பிய நாடுகள் சில ஷெங்கன் என்ற ஊரில் கையெழுத்துப் போட்டது 1985 ஜூனில். டாக்காவில் சார்க் பிறந்தது அதே வருடம் டிசம்பரில். அங்கே 2002இல் யூரோ நோட்டே கைக்கு வந்துவிட்டது. இங்கே 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. கொழும்பில் நான் சார்க் பெயரைப் பார்த்தது அதன் கலாசார மையத்துப் பலகையில்தான். விசா விலக்குத் திட்டம் 1992இலிருந்தே இருக்கிறது, எம்.பி., நீதிபதி என்று 24 வகை ஆட்களுக்கு. நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இல்லை.

வேலைக்கான வதிவிட விசாவுக்கு நிறுவனம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒப்புதல் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். "வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பி வந்து இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்தவன் நான்.

ஆனால் இரண்டு நாடும் ஒட்டவே இல்லை என்று நினைக்காதீர்கள். சார்க்குக்குக் காத்திராமல் நேராக ஒட்டிக்கொண்டன. இந்திய-இலங்கைத் தடையில்லா வணிக ஒப்பந்தம் 2000இலேயே நடப்புக்கு வந்தது. சார்க் நாடுகளுக்கான தடையில்லா வணிக ஒப்பந்தமான சாஃப்டா 2006இல்தான். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்றபோது வந்த கப்பல்களில் பல, இந்தியா கொடுத்த கடனில் வந்தவை. 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐயும் இங்கே செல்லும். கொழும்பின் வெள்ளவத்தையில் முதல்முறை ஸ்கேன் செய்தபோது கடைக்காரர் என்னைவிட ஆவலாகத் திரையை எட்டிப் பார்த்தார். எல்லாக் கடையிலும் எடுபடாது, கொஞ்சம் காசும் வைத்திருங்கள்.

நெருக்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வெங்காயத்தைப் பார்க்க வேண்டும். நம் பெரிய வெங்காயத்துக்கு இங்கே பம்பாய் வெங்காயம் என்றே பெயர். 2023 டிசம்பரில் டில்லி ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே விலை ஏறியது. அந்தக் கடைக்காரர் கோபத்தை என்மேல் காட்டினார்: "உங்கட ஆக்கள் அனுப்பேல்ல, நாங்கள் என்ன செய்யிறது?" நானா தடை போட்டேன்? அப்புறம் ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 டன் அனுமதித்தார்கள். சில நாள் கழித்துப் போனபோது அதே மனிதர் மூட்டையைத் தட்டிக் காட்டினார்: "அண்ணை, உங்கட வெங்காயம் வந்திட்டுது."