புதையல் பிடிக்குமா, பானை ஓடு பிடிக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை நீங்களும் மகளும் அவள் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டீர்கள். "இவ சொல்ற படிப்பப் படிச்சா மண்ணத் தோண்டத்தானே போகணும்? அதுக்கு யார் சம்பளம் குடுப்பாங்க?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பக்கத்தில்தான் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், காதில் விழாமல் இருந்திருக்காது. அதனால் அவள் ஆசைப்படும் தொல்லியல் படிப்பைப் பற்றி இப்போது விரிவாக எழுதுகிறேன். அவளும் சேர்ந்து படிக்கட்டும்.

ராத்திரி ஒரு மணி வரை அட்லாண்டிஸ், ட்ராய், மம்மியின் சாபம் என்று காணொளி பார்க்கிறாள் என்பது உங்கள் குறை. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். வந்த பிறகு அந்தக் கதையை என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ட்ராயையே எடுத்துக்கொள்வோம். ஹைன்ரிக் ஷ்லீமான் ஒரு வணிகர், நன்றாகச் சம்பாதித்தவர். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய ட்ராய் போர் நடந்த நகரம் நிஜமாகவே இருந்தது என்று நம்பி, 1870-ல் இன்றைய துருக்கியில் இருக்கும் ஹிசார்லிக் மேட்டில் தோண்ட ஆரம்பித்தார். அதே மேட்டில் அவருக்கு முன்பே பிராங்க் கால்வர்ட் தோண்டிப் பார்த்திருந்தார். இடத்தைக் காட்டியவரே அவர்தான், ஆனால் பெயர் ஷ்லீமானுக்குப் போய்விட்டது. ட்ராய் பழைய நகரம், ஆகவே அடியில்தான் இருக்கும் என்பது ஷ்லீமானின் கணக்கு. மேட்டின் நடுவே பெரிய அகழி வெட்டி நேரே கீழே போனார். 1873-ல் தங்கம் கிடைத்தது. "இது பிரியம் மன்னனின் புதையல்" என்று, ஹோமர் கதையில் வரும் ட்ராய் மன்னனின் பெயரைச் சொல்லி உலகத்துக்கே அறிவித்தார். பிற்பாடு பார்த்தால், அந்தத் தங்கம் ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தையது. அவர் தேடி வந்த காலத்து மண்ணடுக்கைப் போகிற போக்கிலேயே வெட்டி எறிந்துவிட்டிருந்தார். அந்த மேட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது குடியிருப்பு அடுக்குகள் இருந்தன. அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. வடஅட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கே 'வின்லாந்து' என்ற நாட்டுக்குத் தங்கள் முன்னோர்கள் போனார்கள் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் பழங்கதை எழுதி வைத்திருந்தார்கள். வெறும் கதை என்றே பலர் நினைத்தார்கள். 1960-ல் ஹெல்கே இங்ஸ்டாட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே அகழாய்வை நடத்தியவர் அவர் மனைவி ஆனி ஸ்டீன். புல்தரை மண்ணால் கட்டிய வீடுகளின் அடித்தடம், ஒரு வெண்கல ஊசி, நூல் நூற்கும் கதிரின் கல் வில்லை, இப்படிச் சாதாரணப் பொருள்கள்தான் கிடைத்தன. தங்கம் குந்துமணி அளவுகூட இல்லை. ஆனால் நார்ஸ் மக்கள், அதாவது வைக்கிங்குகள், வந்து போனது உறுதியாயிற்று.

அதோடு முடியவில்லை. 2021-ல் அங்கே கிடைத்த மரத்துண்டுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். கி.பி. 993-ல் விண்வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு அந்த வருஷத்து மரவளையங்களில் ஒரு தடத்தை விட்டிருக்கிறது. அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இருபத்தெட்டு. ஆக, அந்த மரங்களை வெட்டியது 1021-ல். ஒரு பழங்கதைக்குச் சரியான வருஷம் கிடைத்துவிட்டது.

இந்த இரண்டையும் உங்கள் மகளிடம் சொன்னேன். ட்ராய் கதைக்குத் தலையாட்டினாள். மரவளையம் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை வைத்தேன் இல்லையா? என் மேசையில் கிடந்த உடைந்த பீங்கான் கோப்பைத் துண்டைக் கொடுத்து, "இதைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுது, தெரியாததை எழுதாதே" என்றேன். இந்தத் துறையில் ஆசை என்று வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதையேதான் கொடுக்கிறேன். பலர் ஐந்து வரியில் முடித்துவிட்டு, அந்தக் கோப்பை யாருடையது, எப்படி உடைந்தது என்று ஒரு கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இவள் விளிம்பின் வளைவைத் தாளில் வைத்து வரைந்தாள். அதைக்கொண்டு முழு வாயின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டாள். உள்பக்கம் தேநீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று எழுதினாள். "உடைந்த பக்கம் அழுக்காக இருக்கிறது, உடைந்து நாளாகிவிட்டது" என்று ஒரு வரி. யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏனென்றால், அந்த வேலையின் முக்கால்வாசி அதுதான் அம்மா. சதுரச் சதுரமாகக் குழி கட்டி, கொத்தனார் கரணையால் மண்ணைச் செதில் செதிலாகச் சுரண்டி, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்து, எழுதி, படமெடுத்து, அளந்து, சல்லடையில் சலித்து, சாயங்காலம் உட்கார்ந்து பல் துலக்கும் பிரஷ்ஷால் பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைப்பது. ஒரு பருவம் தோண்டினால் அதை எழுதி முடிக்க அதைவிட அதிக நாள் ஆகும். எழுதி வெளியிடாத அகழாய்வு வெறும் குழிதான். தோண்டியதைத் திரும்பப் பழையபடி வைக்க முடியாது, படித்துக்கொண்டே பக்கங்களைக் கிழித்துப் போடுவது போல.

மம்மியின் சாபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவார்ட் கார்ட்டர் பதினேழு வயதில் கல்லறைச் சுவர் ஓவியங்களைப் படியெடுக்கும் வேலைக்காக எகிப்து போனவர், பல்கலைக்கழகப் பட்டமெல்லாம் கிடையாது. 1922 நவம்பரில் பழைய எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு அடுத்த ஏப்ரலில் இறந்தார். கொசுக்கடித்த இடத்தில் சீழ் பிடித்து உடம்பு முழுக்கப் பரவியதுதான் காரணம், பத்திரிகைகள் அதைச் சாபம் ஆக்கிவிட்டன. கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை இருந்தார். அங்கிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை எண் போட்டு, படம் எடுத்து, உடையாமல் வெளியே கொண்டுவரப் பத்து வருஷம் பிடித்தது. அந்தப் பத்து வருஷத்தில் கூடவே இருந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் லூகாஸ், வேதியியலாளர். தொட்டால் உதிரும் பொருள்களுக்கு உருக்கிய மெழுகு பூசிக் காப்பாற்றியதில் அவர் பங்கு பெரியது. கார்ட்டரைத் தெரிந்த அளவுக்கு உலகத்துக்கு அவரைத் தெரியாது.

உங்கள் மகளுக்கு என் முக்கியமான யோசனை இங்கேதான் வருகிறது. தொல்லியலோடு இன்னொரு கைத்தொழிலும் வேண்டும். பழைய காலத்தைத் திறந்த சாவிகளில் பல வேறு துறைகளிலிருந்து வந்தவை. அதுவரை யாருக்கும் படிக்கத் தெரியாமல் இருந்த, கிரேக்கத்தின் 'லீனியர் பி' என்ற பழங்கால எழுத்தை 1952-ல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் ஒரு கட்டடக் கலைஞர். அவருக்கு வழி போட்டுக் கொடுத்தவர் ஆலிஸ் கோபர் என்ற கல்லூரி ஆசிரியை. போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாள்களை எல்லாம் வெட்டி, கிட்டத்தட்ட 1,80,000 சீட்டுகளில் குறிப்பெடுத்து, காலி சிகரெட் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்தவர். விடையைப் பார்க்காமலே 1950-ல் இறந்துபோனார். பழைய மரம், எலும்பு போன்றவற்றின் வயதைச் சொல்லும் கார்பன் காலக்கணிப்பைத் தந்த வில்லார்ட் லிப்பி வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். அழிந்துபோன நியாண்டர்தால் மனித இனத்தின் மரபணுவைப் படித்த ஸ்வாண்டே பேபோவுக்கு 2022-ல் மருத்துவ நோபல். வெசுவியஸ் எரிமலையில் கரியாகிப்போன, ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய ஊரின் எழுத்துச் சுருள் ஒன்றிலிருந்து, அதைப் பிரிக்காமலே, 2023-ல் முதல் முழுச் சொல்லைப் படித்தவர் 21 வயதுக் கணினி மாணவர். ஸ்கேன் எடுத்த படத்தில் மை எங்கே இருக்கிறது என்று கணினிக்குப் பழக்கினார். வந்த சொல் 'ஊதா'.

அதனால் அறிவியல் பாடத்தை விட்டுவிட்டு வரலாற்றுக்கு மாற வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு என் பதில், வேண்டாம். வேதியியலோ, நிலவியலோ, புவியியலோ, கணினியோ இளங்கலையில் படித்துவிட்டு முதுகலையில் தொல்லியலுக்குப் போகலாம். நேராகத் தொல்லியலே படித்தாலும் தப்பில்லை, ஆனால் கூடவே வரைபட மென்பொருளும் நில அளவையும் கற்றுக்கொள்ளட்டும். மொழி ஆர்வம் இருந்தால் கல்வெட்டியல் பக்கம் போகலாம். எகிப்தியல்தான் வேண்டும் என்றால் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்துப் புரியும் அளவுக்காவது வந்தாக வேண்டும், தேவையான நூல்களில் பாதி அந்த மொழிகளில்தான் இருக்கின்றன. டைனோசர் எலும்பு வேண்டும் என்றால் கடை மாறி வந்திருக்கிறாள், அது தொல்லுயிரியல். (சிரிக்காதீர்கள், மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள்.)

சரி, சம்பளம். பல்கலைக்கழக வேலை குறைவு, அதற்கு முனைவர் பட்டம் வேண்டும், அதிலும் போட்டி கடுமை. அதை நம்பி மட்டும் இறங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சாலை போடவும், குழாய் பதிக்கவும், கட்டடம் எழுப்பவும் மண்ணைத் தோண்டுகிறார்கள் இல்லையா, அதற்கு முன்னால் அங்கே பழையது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1966-லேயே வந்துவிட்டது, ஐரோப்பிய நாடுகள் 1992-ல் வாலெட்டாவில் இதற்காக ஓர் உடன்படிக்கை செய்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொல்லியலாளர்களில் பெரும்பாலோர் பிழைப்பது இதில்தான். முதல் சில வருஷம் ஒப்பந்த வேலை, ஊர் ஊராக அலைச்சல், சம்பளமும் சுமார்தான். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்கு வேதியியல் படித்தவர்கள் வேண்டும். தோண்டாமலே மண்ணுக்கு அடியில் பார்க்கும் நில ஊடுருவல் ரேடார், லேசரால் நிலத்தை அளக்கும் லைடார் தெரிந்தவர்களுக்குத் தொல்லியல் இல்லாவிட்டாலும் வேலை இருக்கும். குவாத்தமாலாக் காட்டுக்கு மேலே விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி, மரங்களுக்கு அடியில் பழங்கால மாயா மக்களின் 60,000-க்கும் மேற்பட்ட கட்டுமானங்களை 2018-ல் காட்டியது அதே லைடார்தான். கம்பெனிகள் நில அளவைக்கும் அதையே பயன்படுத்துகின்றன. உங்கள் பயத்துக்கு இது ஒரு நல்ல மருந்து.

உடம்பையும் யோசிக்க வேண்டும். வெயிலில் குத்துக்கால் போட்டு எட்டு மணி நேரம், வாரக்கணக்கில். 2013-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு குகைக்குள் இறங்க ஆள் தேடி லீ பெர்கர் என்ற ஆய்வாளர் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். அறிவியல் தகுதியோடு, ஒல்லியாக இருக்க வேண்டும், குறுகலான இடத்தைக் கண்டு பயப்படக் கூடாது. வழியின் ஒடுங்கிய இடம் வெறும் 18 சென்டிமீட்டர். தேர்வான ஆறு பேரும் பெண்கள். ஹோமோ நலேடி என்ற புதிய மனித இனத்தின் எலும்புகளை மேலே கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று நீங்கள் இழுத்து இழுத்துக் கேட்டது ஞாபகம் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

இப்போதைக்குப் படிப்பை முடிவு செய்ய வேண்டாம். அடுத்த விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அகழாய்வு ஒன்றில் இரண்டு வாரம் தன்னார்வலராகப் போய் வரட்டும். பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு 'புதையல் அனுபவம்' தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வாங்கித் தரச் சொன்னால் வாங்கித் தராதீர்கள், அதுதான் இந்தத் துறையைக் கெடுக்கிற பொருள். ஒரு கோடு போடாத நோட்டும் இரண்டு பென்சிலும் போதும்.

பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில் அவளுக்கு ஒன்றுமே கிடைக்காது, வெறும் ஓடுதான் கழுவிக்கொண்டிருப்பாள். வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் நாள் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.